ஐம்பது கிராம் ஈரல்

2008 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. பொடித்தூறல், குடை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் சளி என்கிற அளவு. கார்த்திகை முதல் தேதி என்பதால் பாதி ஊர் மாலை போட்டுவிட்டது. திருப்பூரில் எங்கள் தெருக் கறிக்கடையில் எனக்கு முன்னால் மூன்றே பேர். அதில் ஒருவர் என் வீட்டு மாடியில் குடியிருந்த கல்லூரி விலங்கியல் டீச்சர்.

"அம்மிணி, வாரந்தவறாம அம்பது கிராம் ஈரல் வாங்கறீங்க. ஊட்டுல யாருங்க திங்கறது? எங்கூட்டுப் பூனைக்கே இது பத்தாதுங்க" என்றார் கடைக்காரர்.

"புழுவுக்குங்க" என்றார் டீச்சர்.

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் மாலைதான் கோயமுத்தூரில் ஒரு டாக்டர், என் மகன் பிரபுவின் எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திவிட்டது என்று சொல்லியிருந்தார். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டாயிரம் இருந்தன. அவனுக்கு இருபத்தேழு வயது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம் நிற்பதில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதில் சுலபமானது சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். அதற்குத்தான் வரிசையில் நின்றேன்.

"சுவரொட்டி தின்னா ரத்தம் ஊறுங்களா?"

"ஊறாமப் பின்ன? ஒரு மண்டலம் குடுங்க, பையன் காங்கேயம் காளையாட்ட நிப்பான்" என்றார் கடைக்காரர்.

நான் டீச்சரைப் பார்த்தேன். இரண்டு பட்டம் வாங்கியவர், மூன்றாவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். "நீங்க சொல்லுங்க டீச்சர், ஊறுமா?"

"இரும்புச்சத்து கொறைஞ்சவங்களுக்கு ஒதவுங்க சார். பிரபுவுக்கு அது கொறையலைன்னு நேத்து ராத்திரி நீங்க காட்டுன ரிப்போர்ட்டுல இருக்குதுங்களே. இதுனால ஊறுமான்னு எனக்குத் தெரியலைங்க."

சொல்லிவிட்டு ஈரல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் சுவரொட்டி வாங்கினேன். அவர் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது.

எங்கள் பக்கம் பேச்சில் மரியாதை அதிகம். கேட்டவர் மனம் நோகாமல் பதில் சொல்வது இங்கே பழக்கம். மழை வருமா என்றால் வருமுங்க. கடன் கிடைக்குமா என்றால் பாக்கலாமுங்க. ஆள் பிழைப்பானா என்றால் அதெல்லாம் ஆயிருமுங்க. டீச்சர் உடுமலைப்பேட்டைக்காரர்தான். 'ங்க' எல்லாம் குறைவில்லாமல் வரும். ஆனால் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது.

ஒருமுறை பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த குடும்பம் ஒன்று, அவரிடம் படித்த பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தது. நான்தான் உட்கார வைத்துக் காப்பி சொன்னேன்.

"பொண்ணு எப்படீங்க டீச்சர்?"

"மூணு வருசம் எங்கிட்டப் படிச்சாங்க. தவளையை நெம்ப நல்லா அறுப்பாங்க."

"அதில்லைங்க, கொணம்?"

"தெரியலைங்க. வகுப்புல மட்டுந்தான் பாத்திருக்கேன்."

காப்பி ஆறிப் போனது, வந்தவர்களும் போனார்கள். "தங்கமான பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டேன். "தங்கமான்னு எனக்கு எப்படீங்க சார் தெரியும்?" என்றார், உண்மையிலேயே புரியாமல். அந்தக் கல்யாணம் நடந்தது. தவளை அறுக்கிற பெண் என்பதால் ஒரு வாரம் யோசித்தார்களாம்.

டீச்சர் மாடியை வாடகைக்குக் கேட்டு முதலில் வந்தபோது, கறி மீன் சமைப்பீர்களா என்று நான் விசாரித்தேன். "நான் சாப்பிடறதில்லைங்க. ஆனா ஈரல் வரும்" என்றார். அப்படித்தான் அவர் ஆராய்ச்சிக்கு வளர்த்த தட்டைப்புழு எனக்கு அறிமுகமானது. அவருடைய சமையலறையில் அடுப்பு ஒரு மூலையில் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள், பதினான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல்கடை தண்ணீர். அதன் அடியில் நகத்துணுக்கு நீளத்தில் பழுப்பாக வழுக்கிக்கொண்டு போகும் புழுக்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மாறுகண் போல இரண்டு கண். திருமூர்த்தி மலைப்பக்கம் ஓடைக் கல்லைப் புரட்டிப் பிடித்து வந்தவை. தண்ணீரும் அங்கிருந்தே கேனில் வரும். எங்கள் தெரு போர் தண்ணீரில் ஒரு ராத்திரிகூட அவை தாங்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம்.

நான் நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. புழுக்களை எண்ணித் தருகிறேன் என்று முன்வந்தேன். திங்கள் எண்ணினால் ஐம்பத்திரண்டு, புதன் எண்ணினால் ஐம்பத்தைந்து. குட்டியும் கிடையாது, முட்டையும் கிடையாது. டீச்சர் ஒரு தட்டைக் காட்டினார். ஒரு புழு வாலை அடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு தலையை முன்னால் இழுத்தது. இழுத்து இழுத்து நடுவில் அறுந்தது. வாலுக்குத் தலை முளைக்கும், தலைக்கு வால் முளைக்கும் என்றார். "கணக்கு நிக்காதுங்க சார். விட்டுருங்க."

நான் விடவில்லை. பிரபுவுக்கு நோய் வந்த பிறகு எண்ணுவதற்கு வேறு கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை. எட்டாயிரம், ஆறாயிரம், மறுபடி எட்டாயிரம்.

பிரபு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பிரிண்டிங் பிரிவில் சூப்பர்வைசர். பிரிண்டிங் கெமிக்கலால் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்த வருஷக் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் நின்று கம்பெனியில் பாதி மிஷின் ஓடவில்லை. அவனைத் தேடி யாரும் வரவும் இல்லை. அவனால் மாடி ஏற முடியாததால் டீச்சர் ஒரு தட்டைக் கீழே கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். ஈரலை மசித்து ஒரு துளி போட்டால் எல்லாப் புழுவும் அதன் மேல் வந்து மொய்க்கும். அவன் மணிக்கணக்காகப் பார்ப்பான்.

"இதுக்கு வயசே ஆகாதா மேடம்?"

"தெனமும் பழைய செல்லு சாகும், புதுசு வரும். ஒடம்பு பூரா ஸ்டெம் செல் செதறிக் கெடக்குதுங்க. எங்க எது தேவையோ அங்க போய் அதுவா மாறிக்கும். தோலுன்னா தோலு, கண்ணுன்னா கண்ணு."

"எங்கிட்டயும் அது உண்டுங்களா?"

"எலும்புக்குள்ள உண்டு. ரத்தம் செய்யறது அதுதான்."

பிரபு தட்டிலிருந்து கண்ணை எடுத்தான். "அப்ப என்ன மேடம் பிரச்சினை? ஆர்டர் வரலையா, இல்ல ஆளே இல்லையா?"

திருப்பூர்க்காரன் கேள்வி. டீச்சர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "நல்லாக் கேட்டீங்க. புழுவுல ரெண்டுமே நடக்கும். ஆளு இருந்தும் சேதி வராம நிக்கும். ஒங்களுக்கு ஆளுகளே இல்லைன்னு டாக்டர் எழுதியிருக்காருங்க. ஒங்க ஒடம்போட காவக்காரங்களே அவங்களை அடிச்சுத் தொரத்திட்டாங்க."

"அப்ப வெளியூர்ல இருந்து ஆளு எறக்க வேண்டியதுதான்" என்றான் அவன். "நம்ம ஊருக்கு அது புதுசா?"

ஆள் இறக்குவதுதான் வைத்தியம் என்று டாக்டரும் சொன்னார். கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் அதை எடுத்து இவனுக்கு ஏற்ற வேண்டும். இவனுக்கு ஒரே அக்கா சாந்தி, காங்கேயத்தில் ரைஸ்மில்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பொருந்துமா என்று பார்க்க அவள் ரத்தத்தை அனுப்பினோம். முடிவு வருவதற்குள் பிரபுவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. என் அண்ணன் வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பங்காளிகள் ஒன்பது பேர், முன் சீட்டில் சாந்தி.

"நம்ம ரத்தம் இத்தனை இருக்கையில ஊரான் ரத்தம் எதுக்குடா? கூடப்பொறந்தவ மொதல்ல குடுக்கட்டும், அதுதான் முறை" என்றார் அண்ணன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் கல்லூரிக்குப் புறப்பட்டு இறங்கி வந்தவர், வேனைப் பார்த்து நின்றார்.

"சாந்தி குடுக்க வேண்டாங்க. ரத்த சொந்தம் யாருமே வேண்டாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. "யாருடா இது?"

"இப்பவே அவங்க ரத்தம் ஏத்துனா இவரு ஒடம்பு அவங்களை அடையாளம் வெச்சுக்குமுங்க. நாளைக்கு அவங்க மஜ்ஜையை வெச்சா, பழைய எதிரின்னு வெளிய தள்ளிரும்."

"நிச்சயமாத் தெரியுமா ஒனக்கு?"

"பாதி தெரியுங்க. மீதியை இன்னிக்குக் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வேண்டாங்க."

"பாதி தெரிஞ்சுட்டே பேசறியா? புழு வளத்தறவ சொல்லைக் கேட்டுட்டு கூடப்பொறந்தவளைத் திருப்பி அனுப்பச் சொல்றியாடா தம்பி?"

நான் வாசலில் நின்றேன். ஒரு பக்கம் என் சொந்தம் முழுக்க. எல்லோரும் ஆயிருமுங்க என்று சொன்னவர்கள். இன்னொரு பக்கம், ஒரு தடவைகூட எனக்கு ஆறுதல் சொல்லாத ஒருத்தர், பாதி தெரியும் என்று நிற்கிறார். பாதி என்று ஒத்துக்கொண்டதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வேனைத் திருப்பச் சொன்னேன். பிரபுவின் கம்பெனி விடுதியில் இருந்த திருநெல்வேலிப் பையன்கள் இரண்டு பேர் வந்து கொடுத்தார்கள். அண்ணன் அன்று முதல் என் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் பெரிய டாக்டர், "அக்கா ரத்தம் ஏத்தலையே? நல்லவேளை" என்றார். டீச்சரிடம் அதைச் சொன்னபோது, "சரிங்க, மீதியும் தெரிஞ்சுது" என்றார், அவ்வளவுதான்.

ஜனவரியில் சாந்தியின் மஜ்ஜை முழுதாகப் பொருந்துகிறது என்று முடிவு வந்தது. அதே வாரம் டீச்சர் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சின்னச் சீசாவில் ஏதோ வாங்கி வந்து, ஈரலில் கலந்து கொடுத்து, புழுக்களைக் குறுக்காக அறுத்து வைத்திருந்தார். லென்ஸில் பார்த்தேன். வால் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தலை. இரண்டு பக்கமும் மாறுகண். இரண்டு தலையும் ஆளுக்கொரு திசைக்கு இழுத்து, புழு நின்ற இடத்திலேயே நெளிந்தது.

"வால் பக்கத்துல 'இது வால்'னு ஒரு சேதி எப்பவும் போய்க்கிட்டே இருக்குமுங்க சார். அந்தச் சேதியை மட்டும் நிறுத்தியிருக்கேன். செல்லு எல்லாம் அதே செல்லுதான். எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாமப் போச்சு."

எனக்கு வேறு யோசனை ஓடியது. ஒரு சீசாவால் முளைக்காத தலையை முளைக்க வைக்கலாம் என்றால், என் மகன் எலும்புக்குள் ஒரு சொட்டு ரத்தம் முளைக்காதா? கேட்டேன். கை கூப்பித்தான் கேட்டேன்.

"இது புழுவோட சேதிங்க சார். மனுசனுக்கு இது என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. குடுக்கவே கூடாதுங்க."

அவர் இல்லாத ஒரு மத்தியானம் மாடிக்குப் போய் அவருடைய ஃபிரிட்ஜைத் திறந்து நின்றேன். ஆறு சீசா. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். கேன் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். மறுநாள் சீசாக்கள் கல்லூரிக்குப் போய்விட்டன.

பிப்ரவரியில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். மருந்து கொடுத்து அவனுடைய காவல்காரர்களை முதலில் ஒடுக்கினார்கள். சாந்தியின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்து அவன் கையில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பிறகு காத்திருப்பு. வெள்ளை அணு பூஜ்யம். மறுநாள் பூஜ்யம். மூன்றாம் வாரம் தொடங்கும்போது, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைப் போனிலிருந்து டீச்சரைக் கூப்பிட்டேன்.

"முளைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். பொய்யா இருந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ஏறலை. நீங்க சொன்னா ஏறும்."

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைங்க சார்" என்றார். "நான் வரட்டுங்களா?"

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். நான்கு நாள் லீவு போட்டு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளும் ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. இட்லி வாங்கி வருவார். ரிப்போர்ட் வந்தால் என்னுடன் சேர்ந்து வாசிப்பார். நாலாம் நாள் வெள்ளை அணு முந்நூறு என்று வந்தது. நான் அழுதேன். சாந்தி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரிலிருந்து அண்ணன்கூடப் போன் செய்தார். டீச்சர் சொன்னது இதுதான்: "சேந்துக்கிச்சுங்க. நெம்ப சந்தோசம். இனி அதுக்கு அந்த ஒடம்பைப் புடிக்கணும்."

நல்ல நாளில் ஏன் இப்படி ஒரு வாய் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் பிரபுவின் உள்ளங்கை சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. பிறகு வயிறு, பிறகு ஈரல். ரத்தம் நன்றாக ஊறியது. தட்டணு லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவன் மெலிந்துகொண்டிருந்தான். "அக்காவோட ஆளுக என்னையே கம்பெனியை விட்டுத் தொரத்தறாங்கப்பா" என்றான் ஒருநாள். அவன் சிரிக்க முயன்றான், உதடு வெடித்திருந்தது. மே மாதம் இரண்டாம் வாரம் இறந்துபோனான்.

சாந்தி காங்கேயத்துக்குத் திரும்பவில்லை. என் வீட்டு முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பிடவில்லை. காப்பித் தண்ணீர்கூட இரண்டு வாய்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருந்தாள்: அக்காவின் செல்தான் தம்பியின் உடம்பைத் தாக்கியது. துக்கத்துக்கு வந்த ஒறம்பரை சொந்தம் எல்லோரும் சொன்னார்கள், உனக்கும் அதுக்கும் என்ன கண்ணு சம்பந்தம், அவன் விதி. நானும் சொன்னேன். அவள் மாமியார் சொன்னார். மாப்பிள்ளை டாக்டரிடமே போன் போட்டுச் சொல்லச் சொன்னார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது. ஆறாம் நாள் அவளுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஒன்று போனது, இதுவும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள்.

அன்று சாயங்காலம் அவளைக் காணோம். மாடிப்படியில் சுவரைப் பிடித்து ஏறியிருக்கிறாள். நான் பின்னாலேயே ஓடினேன். நான் பாதிப் படியில் இருக்கும்போது அவள் குரல் கேட்டது.

"டீச்சர், எல்லாரும் இல்லைங்கறாங்க. நீங்க சொல்லுங்க. எங்க பிரபுவை நாந்தான் கொன்னனா?"

சொல்லாதே என்று மனசுக்குள் கத்தினேன். ஒரே ஒரு தடவை பொய் சொல், உன் புழுவெல்லாம் நன்றாக இருக்கட்டும், ஒரு தடவை.

"நீங்க கொல்லலைங்க. ஆனா அவரைத் தாக்குனது உங்க செல்லுதான், ஆமாங்க" என்றார் டீச்சர்.

சாந்தி படியருகே அப்படியே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட இருந்த வரைக்கும் அது உங்களைக் காத்துச்சு. அங்க போயும் அதே வேலையைத்தான் செஞ்சுது. இது வேற ஆளோட ஒடம்பு, சும்மா இருன்னு அதுக்கு யாரும் சொல்ல முடியலை. மருந்து குடுத்துச் சொல்லிப் பாத்தாங்க, கேக்கலை. உங்க கையில அதுல எதுவும் இல்லைங்க."

"நான் குடுக்காம இருந்திருந்தா?"

"அவருக்குத் தானா ரத்தம் ஊறியிருக்காது. எத்தனை நாள் இருந்திருப்பாருன்னு எனக்குத் தெரியலைங்க. ஊறின ரத்தம் மட்டும் கடைசி வரைக்கும் உங்களுதுதான். அது நிச்சயமாத் தெரியும்."

சாந்தி அழ ஆரம்பித்தாள். தம்பி போன நாளிலிருந்து அவள் அழுதிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் அவளைத் தொடவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. தரையில் எதிரே உட்கார்ந்திருந்தார். இருட்டும்வரை அழுதாள். பிறகு, "பசிக்குதுங்க" என்றாள். டீச்சர் வீட்டில் தயிர்சோறுதான் இருந்தது. அதை முழுக்கத் தின்றாள்.

மறுநாள் காலை டீச்சரிடம் மாடியைக் காலி செய்யச் சொன்னேன். என் மகளிடம் என் கண்முன்னே ஆமாம் என்று சொன்னவரை மேலே வைத்துக்கொண்டு கீழே நான் இருக்க முடியாது. மாசக் கடைசியில் ஒரு சின்ன வேன் வந்தது. பதினான்கு தட்டையும் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று என்று பார்த்துப் பார்த்து ஏற்றினார். "சாந்தி எப்படி இருக்காங்க?" என்றார். "தெரியலை" என்றேன். காங்கேயத்தில் அவள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. சாந்தி அவருடன் போனில் பேசுகிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். என்னிடம் அவள் சொல்வதில்லை, நான் கேட்பதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அவரைத் தவிர வேறு யார் சொல்லும் எனக்கு நம்பிக்கையாகப் படுவதும் இல்லை. இரண்டும் ஒரே ஆள்மேல் எப்படி இருக்கும் என்று கேட்டால், இருக்கிறது.

மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஆஸ்பத்திரி, மருந்து, பரிசோதனை, லாட்ஜ், பஸ், வேன், மயானம் எல்லாம் சேர்த்து, எனக்கு ஆன செலவு எட்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய்.